பஞ்சருக்குப் பிறகு ஒரு தங்கம்

கிராஸ் கன்ட்ரி மவுன்டன் பைக் பந்தயம் 1996-இல் அட்லாண்டாவில் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. சில கிலோமீட்டர் நீளமுள்ள காட்டுப் பாதை; ஏற்றம், மரவேர், பாறைச் சரிவு. அதையே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் சுற்றிச் சுற்றி வர வேண்டும்.

இந்தப் பந்தயங்களில் ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பாதி வெற்றி டயரின் காற்றில் இருக்கிறது. காற்றைக் குறைத்தால் ஈர வேரிலும் டயர் பிடித்து நிற்கும். அளவுக்கு மீறிக் குறைத்தால் ரிம் பாறையில் மோதி டயர் கிழியும். சக்கரத்தை நினைத்த இடத்தில் மாற்றவும் முடியாது. குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே உதவி கிடைக்கும். அதுவரை காற்றில்லாத டயரோடு ஓட்டியாக வேண்டும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், எலன்கூர் குன்றில், பிரிட்டனின் டாம் பிட்காக்குக்கு இதுதான் நேர்ந்தது. முன்சக்கரம் பஞ்சர். மாற்றிக்கொண்டு கிளம்பும்போது ஒன்பதாவது இடம். ஒவ்வொருவராகத் தாண்டி, பிரான்சின் விக்டர் கொரெட்ஸ்கியை எட்டிப் பிடித்தார். கடைசிச் சுற்றில், பாதை ஒரு மரத்தின் இருபுறமும் பிரியும் இடம். கொரெட்ஸ்கி வலப்பக்கம் போக, பிட்காக் இடப்பக்கம் பாய்ந்து முந்தினார். தங்கம் அவருக்கு, உள்ளூர்க் கூட்டத்தின் எதிர்ப்புக் கூச்சலும் அவருக்கே. அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். திறந்திருந்த வழியைத்தான் எடுத்தார். என் கணக்கில் அது நேர்மையான ஓட்டம்.