தேன்: தொண்டைக்கும் தோலுக்கும்

நவி மும்பையின் நெருள் ரயில் நிலையத்தின் கிழக்கிலோ மேற்கிலோ ஒரு பெரிய மளிகைக் கடைக்குள் நுழைந்தால், சர்க்கரை அரிசி பருப்போடு ஒரு மூலையில் கிடக்கும். தேன் மட்டும் ஓட்ஸ், கிரீன் டீ, ஆப்பிள் சைடர் வினிகர் வரிசையில், 'ஆரோக்கிய' அலமாரியில் நிற்கும். இந்த இடப் பங்கீட்டை நாமும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டுவிட்டோம். சர்க்கரையைக் குறைக்கும்படி மருத்துவர் சொன்னதும் பல வீடுகளில் நடப்பது குறைப்பு அல்ல, இடமாற்றம். காபியிலிருந்து ஒரு கரண்டி சர்க்கரை போகிறது. காலையில் வெந்நீரும் எலுமிச்சையும் கலந்த டம்ளருக்குள் இரண்டு கரண்டி தேன் வருகிறது. இந்தக் கணக்கில் பிழை இருக்கிறது. தேன் வயிற்றுக்குள் போனால் பெரும்பாலும் சர்க்கரையாகத்தான் நடந்துகொள்கிறது. மருந்தாக அது வேலை செய்கிறது என்பதற்கு உருப்படியான சான்று இருப்பது தொண்டையிலும் தோலிலும்தான். அந்த இரண்டு இடங்களிலும் தேவைப்படும் அளவு மிகக் கொஞ்சம்.

முதலில் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். தேனில் ஏறக்குறைய 80 விழுக்காடு சர்க்கரைகள்; அதில் பெரும்பங்கு ஃபிரக்டோஸ், அடுத்தது குளுக்கோஸ். 17, 18 விழுக்காடு தண்ணீர். நொதிகள், அமிலங்கள், தாதுக்கள், பூவின் மணத்தையும் நிறத்தையும் தரும் பொருட்கள் எல்லாம் மிச்சமிருக்கும் சிறு பங்குக்குள் அடக்கம். ஒரு தேக்கரண்டித் தேன் 7 கிராம் எடை, சுமார் 21 கலோரி. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை 4 கிராம், 16 கலோரி. கரண்டிக்குக் கரண்டி பார்த்தால் தேன்தான் கூடுதல். 'இது இயற்கையான இனிப்பாயிற்றே' என்ற பதில் உடனே வரும். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட சர்க்கரை வழிகாட்டுதலில், குறைக்க வேண்டிய சர்க்கரைகளின் பட்டியலில் தேனையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஒரு நாளைய கலோரியில் இவற்றின் பங்கு 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், 5 விழுக்காட்டுக்குள், அதாவது சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது அதன் பரிந்துரை. தேனில் உள்ள ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களைக் காட்டியும் வாதாடுவார்கள். அவை இருப்பது உண்மைதான். அந்தத் துளியைப் பெற இத்தனை சர்க்கரையை விழுங்குவதைவிட ஒரு நெல்லிக்காயைக் கடித்துத் தின்பது மேல்.

தொண்டைக்கு வந்தால் கதை வேறு. மழைக்காலத்தில் ஈரமும் குளிர்காலத்தில் தூசும் மாறி மாறித் தொண்டையை அறுக்கும் நவி மும்பையில் இருமல் இல்லாத வீடு அரிது. 2007-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சளி பிடித்த 105 குழந்தைகளை மூன்று பிரிவாக்கி, உறங்குவதற்கு அரை மணி முன்பு சிலருக்குத் தேன், சிலருக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் என்ற வழக்கமான இருமல் மருந்து கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு எதுவும் கொடுக்கவில்லை. தேன் சாப்பிட்டவர்கள்தான் இரவை நன்றாகக் கழித்தார்கள். 'எந்த இனிப்பும் தொண்டைக்கு இதமாகத்தானே இருக்கும்' என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. இஸ்ரேலில் ஒன்று முதல் ஐந்து வயது வரையான 300 குழந்தைகளிடம் நடந்து, 2012-இல் வெளியான ஆய்வு இதையே சோதித்தது. பார்வைக்கும் சுவைக்கும் தேனைப் போலவே இருக்கும் பேரீச்சம்பழப் பாகை ஒரு பிரிவுக்குக் கொடுத்தார்கள். பாகிலும் கொஞ்சம் இதம் கிடைத்தது. தேனில் கூடுதலாகக் கிடைத்தது. இத்தகைய ஆறு ஆய்வுகளை, 899 குழந்தைகளின் விவரங்களோடு, காக்ரேன் அமைப்பு 2018-இல் தொகுத்துப் பார்த்தது. ஒன்றுமே கொடுக்காததைவிடத் தேன் அநேகமாக மேல், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபானுக்கு ஏறக்குறையச் சமம் என்பது அதன் முடிவு. மூன்று நாளுக்கு மேல் போனால் இந்த அனுகூலம் மங்கிவிடுகிறது என்றும் அதே தொகுப்பு சொல்கிறது. விளம்பரங்கள் இந்த இரண்டாம் பாதியைச் சொல்வதில்லை.

சமம் என்றால் பழகிய சிரப்பையே கொடுத்துவிட்டுப் போகலாமே என்று தோன்றும். 2025 அக்டோபரில் வெளிவந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு இருமல் சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். சிரப்பில் கலந்திருந்தது டைஎத்திலீன் கிளைகால். அந்த நஞ்சு மும்பைக்கும் பழக்கமானதுதான். 1986-இல் ஜே.ஜே. மருத்துவமனையில் அது கலந்த கிளிசரின் 14 நோயாளிகளைக் கொன்றது. அந்தச் சாவுகளை லென்டின் கமிஷன் விசாரித்தது. சிந்த்வாரா சாவுகளை அடுத்து, இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்து எழுதவே கூடாது, ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்ககம் அறிவுறுத்தியது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதலும் ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களின் சாதாரண இருமலுக்குத் தேனைப் பரிந்துரைக்கிறது. ஒரு வயது தாண்டிய குழந்தைக்குப் படுக்கப் போகும் முன் அரை முதல் ஒரு தேக்கரண்டி போதும். பல் துலக்கிய பிறகு கொடுக்காமல் அதற்கு முன்பே கொடுத்துவிடுவது பல்லுக்கு நல்லது. ஆனால் தாராவியிலும் செம்பூர் சுற்றுவட்டாரத்திலும் காசநோய் இன்னும் வீடு வீடாகத் தெரிந்த நோய். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனை என்பது தேசியத் திட்டத்தின் விதி. அந்த இரண்டு வாரத்தைத் தேனும் இஞ்சியும் கொடுத்து இரண்டு மாதமாக இழுப்பது, உதவிய மருந்தையே இடைஞ்சலாக்கிவிடும்.

தோலுக்கான சான்றில் மகாராஷ்டிரத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. இங்கே அதிகம் பேசப்படாத செய்தி இது. சோலாப்பூரின் வைஷம்பாயன் நினைவு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த அறுவை மருத்துவர் எம். சுப்ரமண்யம், 104 தீக்காய நோயாளிகளைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தேன் தடவிய கட்டும் மறு பாதிக்கு அந்நாளில் வழக்கத்திலிருந்த சில்வர் சல்ஃபாடையசின் மருந்தும் போட்டார். 1991-இல் பிரிட்டிஷ் அறுவை சிகிச்சை இதழில் முடிவுகள் வெளியாயின. தேன் போட்டவர்களில் 91 விழுக்காட்டினரின் புண்ணில் ஏழே நாளில் கிருமி இல்லை. மறு பிரிவில் 7 விழுக்காடுதான். தேன் பிரிவில் 87 விழுக்காடு 15 நாளில் ஆறியது, மறு பிரிவில் 10. காரணம் மாயமல்ல. தேனின் அடர்ந்த சர்க்கரை கிருமியின் உடலிலிருந்து நீரை உறிஞ்சிவிடுகிறது. அதன் புளிப்பும் கிருமிக்கு ஒவ்வாது. தேனீ தன் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து கலக்கும் ஒரு நொதி, புண்ணின் ஈரம் பட்டதும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிறுகச் சிறுக உருவாக்குகிறது. தேனைக் கொதிக்க வைத்தால் அந்த நொதி அழிந்துவிடும்.

இவ்வளவு வித்தியாசமா என்று சந்தேகப்படுவதும் சரியே. தீக்காய ஆய்வுகளில் பல ஒரே ஆய்வாளரின் கையிலிருந்து வந்தவை. யாருக்கு எந்தக் கட்டு என்பது மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரிந்தே நடந்தவை. அந்தக் குறைகளையெல்லாம் கழித்துக்கொண்டு பார்த்த காக்ரேன் தொகுப்பும் 2015-இல் மேலோட்டமான, பாதி ஆழமுள்ள தீக்காயங்கள் வழக்கமான கட்டுகளைவிடத் தேனில் சில நாள் முன்னதாக ஆறுகின்றன என்றே முடித்தது. கால் சிரைப் புண்களில் அந்தப் பலன் தெரியவில்லை. நியூசிலாந்தில் 368 பேரிடம் நடந்த ஆய்வு அதைத் தெளிவாகக் காட்டியது. சர்க்கரை நோயாளியின் காலில் புண் வந்ததும் தேன் தடவிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பது காலையே இழக்கும் வழி. மருத்துவமனையில் பயன்படும் தேன் காமாக் கதிரில் கிருமி நீக்கப்பட்டது; சமையலறைப் பாட்டிலில் இருப்பது அதுவல்ல. சூடான தோசைக்கல்லில் விரல் பட்டால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். கொப்புளம் பெரிதாக வந்தால் மருத்துவரைப் பாருங்கள். வெடித்த உதட்டுக்குத் தேன் தடவுவதில் யாருக்கும் ஆட்சேபமில்லை.

அளவு எவ்வளவு சிறிதாக இருந்தாலும் கொடுக்கவே கூடாத ஓர் இடம் உண்டு. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்து தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் வந்து, பிறகு நெருள், வாஷி என்று நகர்ந்த குடும்பங்களில் இன்றும் பிறந்த குழந்தையின் நாவில் சேனை தொட்டு வைக்கிறார்கள். சில வீடுகளில் அது சர்க்கரைத் தண்ணீர், சில வீடுகளில் தேன். உரைமருந்தைக் குழைக்கவும் தேன்தான். தேனில் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடலில் அவை முளைக்காமல் வெளியேறிவிடும். ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் முளைத்து, நரம்பை முடக்கும் நஞ்சை உண்டாக்கலாம். முதலில் மலச்சிக்கல், பிறகு பால் குடிக்கச் சக்தியின்மை, மெலிந்த அழுகை, துவண்ட கழுத்து. வீட்டு அடுப்பில் காய்ச்சுவதால் வித்துகள் சாவதில்லை. 'எங்கள் பாட்டி எல்லாருக்கும் வைத்தார், எல்லாரும் நன்றாகத்தானே இருக்கிறோம்' என்பார்கள். நன்றாக இருப்பவர்கள்தானே இதைச் சொல்ல மிச்சமிருக்கிறார்கள்! இது அரிதான நோய்தான். ஆனால் குழந்தைக்கு இதில் கிடைக்கும் லாபம் சுழியம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்ற விதியை மீறுவதற்கு ஒரு சடங்கு போதுமான காரணமில்லை. சேனை வைக்கத்தான் வேண்டுமென்றால் விரலை நாவில் படாமல் காட்டிவிட்டு எடுத்துக்கொள்ளட்டும்.

பாரம்பரியத்தை நான் மறுப்பதாகச் சிலருக்குப் படலாம். சித்த மருத்துவ நடைமுறையைக் கவனித்தால் அது என் பக்கமே நிற்கிறது. திரிகடுகுச் சூரணமோ தாளிசாதிச் சூரணமோ, ஒரு சிட்டிகை எடுத்து அது நனையும் அளவு தேனில் குழைத்து நாவில் தடவச் சொல்வார்கள். அங்கே தேன் அனுபானம். மருந்தைச் சுமந்து போகும் துணை. தினைமாவில் கலப்பதும் அளவாகத்தான். செம்பூர் செட்டா நகர் முருகன் கோவில் பஞ்சாமிர்தம் கையில் விழுவது ஒரு கரண்டி. அரை டம்ளர் வெந்நீரில் தினமும் தேனைக் கரைத்துக் குடித்தால் கொழுப்பு கரையும் என்பதை இன்று பரப்புவது விளம்பரம். அந்த டம்ளரில் எடை குறைக்கும் பொருள் ஏதாவது இருந்தால் அது தண்ணீர்தான்.

எதிர்த் தரப்பின் வலுவான சான்றையும் சொல்லிவிட வேண்டும். டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் 18 சோதனைகளை, மொத்தம் 1,100-க்குச் சற்று அதிகமானவர்களை, தொகுத்துப் பார்த்தார்கள். நாளுக்குச் சுமார் 40 கிராம் தேன் எடுத்தவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரையும் கெட்ட கொழுப்பும் சற்றே குறைந்தன. நல்ல செய்திதான். ஆனால் அவர்கள் ஏற்கெனவே கட்டுப்பாடான உணவில், இனிப்பு குறைவாக இருந்தவர்கள். பலன் தெரிந்தது பெரும்பாலும் சூடாக்காத, ஒரே பூவின் தேனில். சான்றின் உறுதியும் பெரிதல்ல என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். தேன் சாப்பிடத் தொடங்குங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. சர்க்கரை போடும் இடத்தில் தேனைப் போடலாம் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். சர்க்கரை நோயாளிகள் இதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொண்டால் அடுத்த பரிசோதனை அறிக்கையே பதில் சொல்லிவிடும்.

இவ்வளவும் பாட்டிலில் இருப்பது தேன்தான் என்ற நம்பிக்கையில் பேசியது. 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளின் தேனை ஜெர்மனியில் காந்த அதிர்வுச் சோதனைக்கு அனுப்பியது. எல்லாச் சோதனைகளிலும் தேறியவை மூன்றே பிராண்டுகள். நிறுவனங்கள் அந்த முடிவுகளை மறுத்தன. அந்த அறிக்கையில் கலக்கம் தரும் பகுதி வேறு: சாதாரணச் சோதனைகளை ஏமாற்றுவதற்கென்றே வடிவமைத்த சர்க்கரைப் பாகு சந்தையில் கிடைக்கிறது. ஆய்வகத்தையே ஏமாற்றும் பாகு, தண்ணீரில் சொட்டு விடுவதற்கும் தீக்குச்சியில் தொட்டுக் கொளுத்துவதற்கும் சிக்குமா? எறும்பு மொய்க்கிறதா என்று பார்ப்பதும் வீண் வேலை. தேன் உறைந்து மணல் மணலாக ஆனால் போலி என்பதும் தவறு. மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர்த் தோட்டத் தேன் சீக்கிரமே உறையும், ஆனாலும் நல்ல தேன். பாட்டிலை இளஞ்சூட்டு நீரில் வைத்தால் இளகிவிடும். 2023-இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நெருளிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் மகாபலேஷ்வர் இருக்கிறது. அதன் அருகிலுள்ள மாங்கர் கிராமத்தை 2022 மே மாதம் மாநில காதி வாரியம் தேன் கிராமமாக அறிவித்தது. நம் குறிஞ்சிக்கு உறவான கார்வி, எட்டு ஆண்டுக்கு ஒருமுறை பூத்து அந்தச் சஹ்யாத்ரி மலைத் தேனுக்கு மணம் தருகிறது. யார், எங்கே, எந்தப் பருவத்தில் எடுத்தது என்று சொல்லக்கூடிய இடத்தில் வாங்குவதுதான் ஒரு வீட்டால் செய்யக்கூடிய உருப்படியான சோதனை.

அப்படிப்பட்ட தேன் விலை கூடுதலாயிற்றே என்றால், ஆம். ஆனால் 250 கிராம் பாட்டிலில் ஏறக்குறைய 35 தேக்கரண்டி இருக்கிறது. காலை வெந்நீரில் இரண்டு கரண்டி போட்டால் பதினேழு நாளில் தீர்ந்துவிடும். இருமலுக்கு மட்டும் என்று வைத்து, ஒரு முறைக்கு மூன்று இரவு கொடுத்தால் பதினொரு இருமலுக்கு வரும். ஒரு சின்னக் குடும்பத்துக்கு ஓராண்டு தாங்கலாம். மூடியை மட்டும் இறுக்கி வையுங்கள். கடற்கழி ஓரத்து ஜூலை மாதக் காற்றில் ஈரத்தை உறிஞ்சித் தேன் நுரைத்துப் புளித்துப்போகும். ஈரக் கரண்டியை உள்ளே விடுவதும் அதே வேலையைச் செய்யும்.