இரத்த அழுத்தமும் கையின் நிலையும்

நெகிரி செம்பிலானில் ரந்தாவை அடுத்துள்ள கோலா சாவா, ரப்பரும் பின்னர் செம்பனையும் வளர்ந்த தோட்டப்புறமாகும். இத்தகைய தோட்டங்களில் வாழ்ந்தோருக்கு ஒரு காலத்தில் மலேரியாக் காய்ச்சலே பேரச்சமாக இருந்தது. இன்று அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டவை நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் ஆகும். மலாய் மொழியில் ‘டாரா திங்கி’ என்றும், தோட்டத்தார் பேச்சில் ‘பிரஷர்’ என்றும் வழங்குவது இந்த இரத்தக் கொதிப்பையே. மலேசியாவில் வயது வந்தோருள் 29.2 விழுக்காட்டினருக்கு இது இருப்பதாக 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய் ஆய்வு தெரிவித்தது.

இந்நோய் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. தலைவலியோ கிறுகிறுப்போ இருந்தால்தான் கொதிப்பு உண்டு என்பது தவறான எண்ணம். நோயைக் காட்டிக் கொடுப்பது கருவி ஒன்றே. ஆகவே, அக்கருவி சொல்லும் எண் சரிதானா என்பது சிறிய கேள்வியன்று. எண் தவறாக ஏறினால், நோயில்லாதவர் ஆயுள் முழுதும் மாத்திரை விழுங்க நேரும். தவறாக இறங்கினால், நோயுள்ளவர் கவலையின்றி வீடு திரும்பி, பின்னொரு நாள் பக்கவாதத்திலோ மாரடைப்பிலோ வீழ்வார். அவ்வெண்ணை மாற்றவல்ல காரணங்களுள் முக்கியமானது, கையில் எந்த இடத்தில், எந்த உயரத்தில் அளக்கப்படுகிறது என்பதாகும்.

குதிரையில் தொடங்கிய ஆராய்ச்சி

இரத்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்து காட்டியவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார். ஒரு குதிரையின் நாடியில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, இரத்தம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்த்தார். அது 8 அடி 3 அங்குலம் ஏறிற்று. இம்முடிவு 1733ல் நூலாக வெளிவந்தது. அவர் அந்த உயரத்தைத் தரையிலிருந்து அளக்கவில்லை. இருதயத்தின் இடது அறை இருந்த மட்டத்திலிருந்தே அளந்தார். இருதய மட்டமே அடிப்படை என்னும் விதி அன்றே தோன்றிவிட்டது எனலாம்.

இரத்தத்தைவிடப் பாதரசம் ஏறத்தாழ 13 மடங்கு கனமானது. அதனால் 1828ல் பிரெஞ்சு அறிஞர் புவாசேய் பாதரசத்தைக் கொண்டு அளக்கத் தொடங்கியபின் நீண்ட குழாய்க்குத் தேவை இல்லாமற் போயிற்று. 1896ல் இத்தாலிய மருத்துவர் ரீவா ரோச்சி, நாடியை அறுக்காமல், மேற்கையைச் சுற்றிக் காற்றுப்பட்டை கட்டி அளக்கும் முறையை வகுத்தார். 1905ல் ருஷ்ய மருத்துவர் கொரோட்காஃப், பட்டைக்குக் கீழே நாடியில் எழும் ஓசையைக் கேட்டு, மேல் அழுத்தம், கீழ் அழுத்தம் இரண்டையும் அறியும் வழியைக் கண்டார். இன்று பல கிளினிக்குகளிலும் வீடுகளிலும் உள்ள மின் கருவிகள் ஓசையைக் கேட்பதில்லை. பட்டையில் உண்டாகும் அதிர்வைக் கொண்டு கணக்கிடுகின்றன. ஆயினும், ‘மில்லிமீட்டர் பாதரசம்’ என்ற அளவே நிலைத்துவிட்டது.

உயரம் செய்யும் மாற்றம்

உயரத்திலுள்ள தொட்டியிலிருந்து லயங்களுக்குத் தண்ணீர் வருவதைப் பார்த்தவர்களுக்கு இவ்விஷயம் எளிதில் விளங்கும். ஒரே தொட்டி நீர்தான். ஆனால் மேட்டிலுள்ள குழாயில் மெதுவாகவும் பள்ளத்திலுள்ள குழாயில் வேகமாகவும் வரும். உடலிலும் அப்படியே. இருதய மட்டத்திற்குக் கீழே உள்ள நாடியில், இடையிலுள்ள இரத்தத்தின் பாரமும் சேர்ந்துகொள்கிறது. மேலே உள்ள நாடியில் அந்த அளவு குறைந்துவிடுகிறது.

இதற்குக் கணக்கும் உண்டு. ஒரு சென்டிமீட்டர் உயரமுள்ள இரத்தம் 0.78 மில்லிமீட்டர் பாதரசத்திற்குச் சமம். பட்டை கட்டிய இடம் இருதயத்திற்கு 10 சென்டிமீட்டர் கீழே இருந்தால் எண் ஏறத்தாழ 8 கூடும். அவ்வளவு மேலே இருந்தால் 8 குறையும். உண்மையில் 134 உள்ள ஒருவர் கையைத் தாழ வைத்திருந்தால் கருவி 142 காட்டும். கிளினிக்கில் 140க்கு மேற்பட்டால் கொதிப்பு என்பது விதி. ஆக, கை வைத்த இடமே அவரை நோயாளியாக்கிவிடுகிறது.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்தார் 133 பேரைச் சோதித்து 2024ல் முடிவை வெளியிட்டனர். மேசைமீது தாங்கலாக வைத்த கையைவிட, மடியில் வைத்த கையில் மேல் அழுத்தம் சராசரி 3.9ம், பக்கத்தில் தொங்கவிட்ட கையில் 6.5ம் கூடுதலாகக் காட்டியது. தாங்கலற்ற கையைத் தூக்கிப் பிடிக்கத் தசைகள் இறுகுவதும் அழுத்தத்தை ஏற்றும்.

மேற்கையா, மணிக்கட்டா?

உயரம் ஒன்றாக இருந்தாலும் இடம் மாறினால் எண் மாறும். இருதயத்திலிருந்து புறப்படும் நாடியலை, கிளை நாடிகளில் செல்லச் செல்ல அதன் உச்சி கூர்மையாகிறது. ஆகவே முன்கையிலும் மணிக்கட்டிலும் மேல் அழுத்தம் பெரும்பாலும் சற்று உயர்ந்தும், கீழ் அழுத்தம் சற்றுத் தாழ்ந்தும் இருக்கும். மணிக்கட்டில் கட்டும் சிறு கருவிகள் வசதியானவையே. ஆனால் கையை மடியில் போட்டபடி அளந்தால், மணிக்கட்டு இருதயத்திற்கு வெகு தாழ்வாகி, எண் பெரிதும் ஏறிவிடும். முடிந்தவரை மேற்கையில் அளப்பதே நலம். மேற்கையில் அளக்க இயலாதவர் மணிக்கட்டை நெஞ்சின் மட்டத்திற்கு உயர்த்தி, தாங்கல் கொடுத்து அளக்க வேண்டும்.

பட்டையின் அளவு

ரீவா ரோச்சியின் பட்டை மிகக் குறுகியது. அதனால் எண் உயர்ந்து காட்டுவதை உணர்ந்து, 1901ல் ஜெர்மானிய மருத்துவர் ரெக்லிங்ஹௌசன் அதை அகலப்படுத்தினார். பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பையின் அகலம் மேற்கைச் சுற்றளவில் 40 விழுக்காடும், நீளம் 80 விழுக்காடும் இருத்தல் வேண்டும் என்பது பொதுவிதி. செம்பனைக் குலை அறுத்துத் தோள் திரண்டவருக்கும், உடல் பருத்தவருக்கும் சாதாரணப் பட்டை போதாது. 2023ல் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆராய்ச்சியில், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கு நடுத்தரப் பட்டை கட்டியபோது மேல் அழுத்தம் சராசரி 19.5 கூடுதலாகக் காட்டியது. மெலிந்த கையில் பெரிய பட்டை கட்டினால் எண் குறையும்.

வலக்கையா, இடக்கையா?

இரு கைகளிலும் சிறு வேறுபாடு இருப்பது இயல்பு. முதன்முறை இரண்டிலும் அளந்து, எது உயர்வாகக் காட்டுகிறதோ அதிலேயே பின்னர் எப்போதும் அளக்க வேண்டும். மேல் அழுத்தம் திரும்பத் திரும்ப 15 அல்லது அதற்கு மேல் வேறுபட்டால், ஒரு பக்கத்து நாடி குறுகியிருக்கக்கூடும். மருத்துவரிடம் தெரிவித்தல் அவசியம். இரத்தச் சுத்திகரிப்புக்காக நாடி இணைப்புச் செய்த கையில் பட்டை கட்டலாகாது. மார்பகச் சிகிச்சையில் அக்குள் நிணக்கட்டிகள் அகற்றப்பட்டிருப்பின், எந்தக் கையில் அளப்பது என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அளக்கும் முறை

வேலை முடிந்து வந்த கையோடு அளக்கலாகாது. காப்பியும் புகையிலையும் அரை மணி நேரம் விலக்கி, சிறுநீர் கழித்து, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்திருக்க வேண்டும். சட்டைக் கையை இறுகச் சுருட்டாமல் கழற்றிவிடுவது நல்லது. பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலேயும், பட்டையின் நடுப்பகுதி நெஞ்செலும்பின் நடுமட்டத்திலும் இருக்கட்டும். மேசை தாழ்வாக இருந்தால் ஒரு தலையணை போதும்.

வீட்டில் அளந்தால் 135/85 என்பதே எல்லை. ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து, நாளும் நேரமும் கையும் குறித்து வைத்து, அக்குறிப்பை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு நாளைய ஓர் எண்ணைக் கொண்டு நோயென்று முடிவு செய்வதும் தவறு. இதுவரை அளந்தது பிழையாயிருக்கலாம் என்று தாமாகவே மாத்திரையை நிறுத்துவது அதனினும் பெருந்தவறு. கிளினிக்கில் கை தொங்கிக் கொண்டிருந்தால், “கையை மேசைமேல் வைத்துக்கொள்ளலாமா?” என்று கேட்பதில் குற்றமில்லை. அவ்வாறு கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு.