விலாவோரம் ஒரு குழாய்

பித்தப்பை அறுவை முடிந்து வார்டில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகும் உறவினரின் கண், சின்னத் தையல்களைத் தாண்டி, விலாவோரம் தொங்கும் குழாயில்தான் நிற்கும். அடுத்த கட்டில்காரருக்கும் அதே அறுவைதான், ஆனால் குழாய் இல்லை. யாருக்குச் சரியாகச் செய்திருக்கிறார்கள்?

மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பழைய ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவருக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்பு. கட்டி உடைந்தால் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸர் புண்ணுக்குள் துணித்திரி வைப்பார். சீழ் வடிந்தால்தான் ஆறும். வைத்தியம் சரிதான். ஆனால் பித்தப்பை எடுத்த இடம் சீழ்க்கட்டி அல்ல. அங்கே ஊறும் கொஞ்சம் நீரை வயிற்றின் உள்சவ்வே உறிஞ்சிக்கொள்ளும்.

பெர்லினில் அறுவை நிபுணர் கார்ல் லாங்கன்பூக் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றியது 1882 ஜூலை 15 அன்று. பேராக்கின் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் ஊன்றி அப்போது ஐந்தாண்டுதான் ஆகியிருந்தது. வயிற்றைத் திறந்து செய்த அந்தக் காலங்களில், ரத்தமோ பித்தநீரோ கசிந்தால் தெரியட்டும் என்று குழாய் வைப்பது வழக்கமானது. 1985இல் ஜெர்மன் அறுவை நிபுணர் எரிக் மூஹே, சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ரோஸ்கோப்பி முறையில் பித்தப்பையை எடுத்துக் காட்டினார். வெட்டு சிறுத்தது, ஆனால் குழாய் வைக்கும் பழக்கம் பல இடங்களில் அப்படியே நீடித்தது.

அந்தப் பழக்கத்தால் பயன் உண்டா என்று கணக்குப் பார்த்தவர் ஒரு தமிழ்ப் பெயர்க்காரர்: லண்டனில் பணியாற்றிய குறிஞ்சி குருசாமி. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்புக்காக 2013இல் அவரும் சக ஆய்வாளர்களும் 12 ஆய்வுகளை, அவற்றிலிருந்த 1,831 நோயாளிகளை ஒன்றாக வைத்து அலசினார்கள். சிக்கலில்லாத லேப்ரோஸ்கோப்பி அறுவையில் எல்லாருக்கும் குழாய் வைப்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. குழாய் வைத்தவர்களுக்கு அறுவை நேரம் சில நிமிடம் கூடியது. அந்த ஆய்வுகளில் பல அவ்வளவு உறுதியானவை அல்ல என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

குழாய் வீண் என்று இதற்குப் பொருளில்லை. பித்தப்பை அழுகியோ கிழிந்தோ இருந்தால், முழுதும் எடுக்க முடியாமல் ஒரு பகுதியை விட்டுவைத்தால், பித்தநாளத்தில் கசிவு வரலாம் என்று அறுவை நிபுணர் அஞ்சினால், வைப்பதே நியாயம். இளஞ்சிவப்பாகத் தொடங்கி, வெளிறி, நாளுக்கு நாள் குறையும் நீர் நல்ல அறிகுறி. பச்சை கலந்த மஞ்சள் என்றால் பித்தநீர். தொடர்ந்து வரும் சிவப்பு என்றால் ரத்தம். இரண்டையும் உடனே சொல்லிவிட வேண்டும்.

குழாயோடு இணைத்த பை காலியாக இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைவதும் தப்பு. குழாய் அடைத்துக்கொண்டால் உள்ளே கசிவு இருந்தாலும் வெளியே சொட்டுகூட வராது. காய்ச்சல், ஏறிக்கொண்டே போகும் வயிற்றுவலி, மஞ்சளாகும் கண்கள்: இவை வந்தால், குழாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டும்.