விரலின் வேகத்திற்கும் ஒரு விதி

ஒரு தாளில் இடைவெளி விட்டு இரண்டு கட்டங்கள் வரையுங்கள். பென்சில் முனையால் அவற்றை மாறி மாறி, இயன்ற மட்டும் வேகமாகத் தொடுங்கள். கட்டங்களைச் சிறியதாக்கினால் கை தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1954-இல் இதையே உலோகத் தகடுகளைக் கொண்டு சோதித்து, ஒரு விதியைக் கண்டார். தொலைவை இரு மடங்காக்கினாலும் சரி, இலக்கின் அகலத்தைப் பாதியாக்கினாலும் சரி, தொட ஆகும் நேரம் ஒரே அளவு கூடுகிறது. தொலைவு நான்கு மடங்கானால் அந்த அளவு இருமுறை கூடும். எட்டு மடங்கானால் மும்முறை. மடக்கை படித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

இனி வீட்டிலுள்ள கைப்பேசியை எடுங்கள். திரையின் அகலம் சுமார் 65 மில்லிமீட்டர். மேல் வரிசையில் பத்து ஆங்கில எழுத்துக்கள். ஓர் எழுத்துக்குக் கிடைப்பது ஆறரை மில்லிமீட்டர்தான். விரல் நுனியோ அதைவிட அகலமானது! எழுத்துக் கட்டங்களைப் பெரிதாக்க இடமில்லை. அப்படியானால் வேகத்தைக் கூட்டுவது எப்படி?

ஒரு வழி, விரலை எடுக்காமலே எழுத்துக்களின் மீது கோடாக இழுத்துச் செல்வது. ஷூமின் ஜாய், பெர் ஓலா கிறிஸ்டென்சன் என்ற இருவர் 2003-இல் இம்முறையை விவரித்தனர். ஒவ்வோர் எழுத்தையும் குறி தவறாமல் தொட வேண்டியதில்லை. கோட்டின் முழு வடிவத்தையும் கருவி தன் அகராதிச் சொற்களின் வடிவங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேல் வரிசையில் வலக்கோடியிலிருந்து பி, ஓ, ஐ, யு, ஒய், டி என்று எழுத்துக்கள் வரிசையாக நிற்கின்றன. ஆகவே ‘பிட்’ (குழி), ‘பாட்’ (பானை), ‘புட்’ (வை) மூன்றுக்கும் ஒரே நேர்க்கோடுதான்! வடிவத்தை மட்டும் வைத்து இவற்றைப் பிரிக்கவே முடியாது. முன்னால் ‘ஃபிளவர்’ என்றிருந்தால் அடுத்தது ‘பாட்’ஆக இருக்கும் என்று கருவி ஊகிக்கிறது. நிகழ்தகவுக் கணக்குதான். அதனால்தான் அரிதான சொற்களை இழுத்தால் அது தடுமாறுகிறது. உங்கள் ஊர்ப் பெயரை இழுத்துப் பாருங்களேன்.

இதே நிகழ்தகவைக் கொண்டு ஃபிட்ஸ் விதியையும் நமக்குச் சாதகமாக்கலாம். எல்லா எழுத்தையும் பெரிதாக்க இயலாது; ஆனால் அடுத்து வரக்கூடிய எழுத்தை மட்டும் பெரிதாக்கலாம் அல்லவா? 2007-இல் வந்த ஐபோனில் படம் மாறாமலே, எதிர்பார்க்கும் எழுத்தின் தொடு எல்லை மட்டும் விரிந்தது.

கேம்பிரிட்ஜ் இயற்பியல் அறிஞர் டேவிட் மெக்காய் இன்னும் துணிந்தார். அவரும் அவருடைய மாணவர் டேவிட் வார்டும் உருவாக்கிய ‘டேஷர்’ என்ற முறையில் எழுத்துக்கள் பெட்டிகளாக வலப்புறத்திலிருந்து மிதந்து வருகின்றன. வர வாய்ப்பு மிகுந்த எழுத்துக்குப் பெரிய பெட்டி. ஆங்கிலத்தில் ‘கியூ’வுக்குப் பின் ‘யு’தான் ஏறக்குறைய முழு இடத்தையும் அடைத்துக்கொள்ளும். பெட்டியை நோக்கி விரலை நகர்த்தினால் போதும். விரலே அசையாதவருக்கு? பார்வை செல்லும் திசையைக் கருவி அறிந்துகொண்டால் கண்ணாலேயே எழுதலாம் என்று இருவரும் 2002-இல் ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள். கை கால் செயலிழந்த ஒருவர் தமக்கு வேண்டிய எழுத்தைப் பார்க்கிறார். அது அவரை நோக்கிப் பெரிதாகி வருகிறது. அதனுள் அடுத்த எழுத்து காத்திருக்கிறது.