பட்ட மரத்தில் ஒரு குடித்தனம்

தமிழ்ப்பள்ளியில் 'மரங்கொத்தி' என்றும், தேசிய இடைநிலைப்பள்ளியில் 'பெலாத்தோக்' என்றும் படித்தேன். அந்தப் பறவை இரவில் எங்கே தூங்குகிறது என்று இரண்டு இடத்திலும் யாரும் கேட்டதில்லை. இறுதியாண்டு உயிரியல் களப்பணிக்காக விடுதிக்குப் பின்னால் நின்ற பட்டுப்போன தென்னையை ஆறு வாரம் கவனித்தபோதுதான் விடை கிடைத்தது.

அதில் பொந்து அமைத்திருந்தது பொன்முதுகு மரங்கொத்தி. ஆணின் கொண்டை சிவப்பு. பெண்ணின் கொண்டை கறுப்பில் வெள்ளைக் கீற்று. ஆகவே யார் உள்ளே போகிறார், யார் வெளியே வருகிறார் என்பதைத் தொலைவிலிருந்தே குறித்துக்கொள்ளலாம். பகலில் இரண்டும் மாறி மாறி அடைகாத்தன. மாலை ஏழு மணி நெருங்கியதும் பெண் பறந்துவிடும். ஆண் உள்ளே நுழைந்தால் மறுநாள் காலைதான் தலை தெரியும். பெரும்பாலான மரங்கொத்தி இனங்களில் இரவில் அடைகாப்பது ஆண்தான். (தாய்மையைப் பற்றி முழங்கும் நம் பட்டிமன்றப் பேச்சாளர்கள் குறித்துக்கொள்க!)

அப்படியானால் பெண் எங்கே போனது? நாற்பதடி தள்ளி நின்ற அங்சானா மரத்தின் காய்ந்த கிளையில் இன்னொரு பொந்து இருந்தது. பொதுவாக மரங்கொத்திகள் ஒவ்வொன்றும் தனித்தனிப் பொந்தில் உறங்குபவை. கூட்டுக்காலம் முடிந்த பிறகும் இப்பழக்கம் தொடரும். ஆகவே ஒரு சோடிக்கு ஒரு பொந்து போதாது.

பச்சை மரத்தைக் குடைவது எளிதன்று. பூஞ்சை உள்ளே மென்மையாக்கிய மரமே பெரும்பாலான இனங்களுக்கு ஏற்றது. மரத்தடியில் வெளிறிய மரச்சிராய்கள் சிதறிக் கிடந்தால் மேலே வேலை நடக்கிறது என்று பொருள். உள்ளே புல்லோ பஞ்சோ வைப்பதில்லை; சிராய்களின் மேலேயே வெள்ளை முட்டைகள் கிடக்கும். செம்பழுப்பு மரங்கொத்தியோ இன்னும் துணிச்சலானது. மரத்தில் தொங்கும் எறும்புக்கூட்டைக் குடைந்து, எறும்புகள் குடியிருக்கும்போதே முட்டையிடும். அந்த எறும்புகளே அதற்கு உணவும்கூட!

பெரிய மரங்கள் குறைந்தால் என்ன ஆகும்? நம் காடுகளில் வாழும், ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் நீளமுள்ள பெரிய சாம்பல் மரங்கொத்தியே இன்று உலகில் காணப்படும் மரங்கொத்திகளில் மிகப் பெரியது. முதிர்ந்த மரங்களை நம்பி வாழும் இது, காடுகள் அழிவதால் 2010இல் அழிவாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

நான்காவது வாரம் எங்கள் தென்னையில் சிவப்புச் சாயத்தால் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். பட்ட மரம் மாணவர் தலையில் விழக்கூடும் என்ற கவலை நியாயமானதே. ஆனால் பொந்துக்குள் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. தோட்டப் பணியாளர் அண்ணனிடம் குறிப்பேட்டைக் காட்டினேன். அவர் மேற்பார்வையாளரிடம் பேசி, மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார். குஞ்சுகள் பறந்து மூன்று நாள் கழித்தே தென்னையை வெட்டினார்கள்.

அன்று மாலை 7.05க்கு ஆண் வழக்கம்போல் வந்தது. வெட்டிய இடத்தைத் தாண்டி அங்சானாவுக்குப் போனது. அங்கே பொந்தில் ஏற்கெனவே பெண் இருந்தது. சற்று நேரம் கிளையில் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு, செம்பனைத் தோட்டப் பக்கமாகப் பறந்து போனது.