ஏறிய கியரில் இறங்கு!

எங்கள் ஊரில் மலை கிடையாது. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகிற பெருஞ்சாலையை விட்டுச் சற்றே விலகி உள்ளே வந்தால் இரும்பை. திருஞானசம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயில் இருக்கிறது. பெரிய ஏரி இருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் செம்மண் இருக்கிறது. மேடு என்று சொல்லத்தக்கது ஏரிக்கரை ஒன்றுதான். இப்படிப்பட்ட சமதரையில் மோட்டார் ஓட்டக் கற்றவனுக்கு ஓர் அசட்டுத் தைரியம் உண்டாகிவிடுகிறது. நாலாவது கியரைப் போட்டுவிட்டால் அப்புறம் கியர்க் கம்பியைத் தொடவேண்டிய அவசியமே இல்லை என்று அவன் எண்ணிக்கொள்கிறான். நாற்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடத்து உபாத்தியாயனாகிய நானும் அப்படி எண்ணியவன்தான்.

ஒரு கோடை விடுமுறையில் என் தாயார், தமக்கை, தமக்கையின் மகன் ஆகியோருடன் ஏற்காட்டுக்குப் புறப்பட்டேன். விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாகச் சேலம் சேரும் வரையில் ஒரு சங்கடமும் இல்லை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது வண்டி முக்கி முனகி இரண்டாவது கியரில் ஏறிற்று. குளிர்ந்த காற்று வாங்கினோம். ஏரியில் படகு விட்டோம். மூன்றாம் நாள் இறங்கத் தொடங்கினோம்.

இறங்கும்போது மருமகப் பிள்ளையாண்டான் ஓட்டினான். புதிதாக லைசென்ஸ் வாங்கியவன், நிதானமானவன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் சும்மா இருந்திருக்கலாம். "ஏண்டா, பெட்ரோல் விற்கிற விலையில் எதற்குக் கியரில் ஓட்டுகிறாய்? நியூட்ரலில் விடு. வண்டி தானே இறங்கிக்கொள்ளும்" என்றேன். மாமா சொல்லைத் தட்டாத பிள்ளை, அப்படியே செய்தான்.

ஆறேழு வளைவுகள் கழிந்தன. ஏதோ கருகுகிற நாற்றம் வந்தது. காட்டில் யாரோ சருகு கொளுத்துகிறார்கள் என்று என் தமக்கை சொன்னாள். அடுத்த வளைவை நெருங்குகையில் பையனின் முகம் வெளுத்தது.

"மாமா, பிரேக் மெத்தென்று உள்ளே போகிறது. பிடிக்கவில்லை!"

கீழே வளைவிலிருந்து ஒரு பஸ் ஏறி வரும் ஓசை கேட்டது. நல்லவேளையாக வளைவுக்கு முன்னால் மலைப்பக்கமாகச் சற்று அகன்ற இடம் இருந்தது. பையன் ஹாண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, இடப்புறச் சக்கரங்களை மண்சரிவில் உரசவிட்டு, எப்படியோ வண்டியை நிறுத்தினான். பஸ் எங்களைக் கடந்து மேலே சென்றது. காரில் ஐந்து நிமிஷம் ஒருவரும் பேசவில்லை.

அந்த இடத்திலேயே லாரியை நிறுத்தி இளைப்பாறிக்கொண்டிருந்த வயதான டிரைவர் ஒருவர் அருகே வந்தார். சக்கரத்தின் மீது தண்ணீர் ஊற்றப் போன என்னைத் தடுத்தார். "பழுக்கக் காய்ந்திருக்கிற இரும்பில் தண்ணீர் ஊற்றினால் கோணிக்கொள்ளும். அது தானாக ஆறட்டும்" என்றார். நடந்ததைக் கேட்டுக்கொண்டு, "ஏறும்போது எந்தக் கியரில் ஏறினீர்கள், சார்?" என்று வினவினார்.

"இரண்டாவதில்."

"அப்படியானால் இரண்டாவதிலேயே இறங்கவேண்டும். நியூட்ரலில் விடுவது மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டியை மேட்டிலிருந்து உருட்டிவிடுகிற மாதிரி அல்லவா?"

பெளதிகப் பாடம் நடத்துகிற எனக்கு, பாடப் புத்தகத்தில் இல்லாத பெளதிகத்தை ஒரே வாக்கியத்தில் அவர் சொல்லிவிட்டார். ஊர் திரும்பிய பிறகு நான் யோசித்தும் படித்தும் தெரிந்துகொண்டவற்றை வாசகர்களிடம் சொல்லிவிட்டால் என் குற்றத்துக்கு ஓரளவு பிராயச்சித்தமாகும்.

கிளட்சின் வேலை

மோட்டார் வண்டியில் இயந்திரம் ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கும். சக்கரங்களோ நிற்கவும் வேண்டும், ஓடவும் வேண்டும். இவ்விரண்டையும் சேர்க்கவும் பிரிக்கவும் வல்ல கருவியே கிளட்ச். இயந்திரத்தின் கோடியில் பிளைவீல் என்னும் கனத்த சக்கரம் இருக்கிறது. அதை ஒட்டி, உராயும் பூச்சுடைய தட்டு ஒன்று. வலிய வில் இந்தத் தட்டைப் பிளைவீலின்மேல் அழுத்திக்கொண்டிருக்கிறது. காலால் பெடலை மிதித்தால் அழுத்தம் நீங்குகிறது, தட்டு பிரிகிறது. காலை எடுத்தால் மீண்டும் ஒட்டிக்கொள்கிறது.

முழுவதும் ஒட்டியிருந்தாலும் கேடில்லை, முழுவதும் பிரிந்திருந்தாலும் கேடில்லை. இரண்டுங்கெட்ட நிலையில்தான் தட்டு வழுக்கி உராய்ந்து சூடேறித் தேய்கிறது. புறப்படும்போது இந்த நிலையைக் கடந்தே ஆகவேண்டும். அதிலேயே குடியிருக்கக் கூடாது. நம்மில் பலர் கிளட்ச் பெடலைக் கால்மணை என்று கருதி, ஓடும்போதெல்லாம் இடக்காலை அதன்மீது வைத்திருக்கிறோம். இன்னும் சிலர் ஏற்றத்தில் பிரேக்கைப் பிடிக்காமல் கிளட்சைப் பாதி விட்டு, ஆக்ஸிலேட்டரை மிதித்து, வண்டியை அந்தரத்தில் நிறுத்தி வைக்கிறார்கள். பார்ப்பதற்குச் சாமர்த்தியம்போல் தோன்றும். சில நிமிஷத்தில் தட்டுக் கருகும் நாற்றம் வந்து அந்தச் சாமர்த்தியத்தின் விலையைச் சொல்லும். ஏற்றத்தில் நிற்க ஹாண்ட் பிரேக் இருக்கிறது. அதை இழுத்துக்கொண்டு, கிளட்சை மெல்ல விட்டு, வண்டி முன்னே போகத் துடிக்கும்போது ஹாண்ட் பிரேக்கைத் தளர்த்தினால் ஓர் அங்குலம்கூடப் பின்னே போகாது.

பல்சக்கரங்களின் கணக்கு

சாதாரணச் சிறு கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்றாவது கியரில் பெட்டிக்குள் நுழையும் தண்டு ஏறக்குறைய 1.3 சுற்றுச் சுற்றினால் வெளியே வரும் தண்டு ஒரு சுற்றுச் சுற்றும். இரண்டாவது கியரிலோ உள்தண்டு சுமார் 1.9 சுற்றுச் சுற்றவேண்டும். இதனால் வலிமை கூடுகிறது, வேகம் குறைகிறது. ஏற்றத்தில் இயந்திரம் சக்கரத்தைத் தள்ளுகிறது. இறக்கத்தில் சக்கரம் இயந்திரத்தைத் தள்ளுகிறது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் பெட்ரோல் இயந்திரத்துக்குக் காற்று போகும் வழி அநேகமாக அடைபட்டுவிடும். மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சிழுக்க முயல்வதுபோல் இயந்திரம் திணறும். அந்தத் திணறலே சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்கும் தடை. கியர் குறையக் குறைய இந்தத் தடை வலுக்கும். டீசல் இயந்திரத்தில் காற்று வழி இவ்வாறு அடைபடுவதில்லை. ஆகையினால்தான் கனரக லாரிகளிலும் பஸ்களிலும் புகைபோக்கியை மறிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் என்ற தனி ஏற்பாடு வைக்கிறார்கள்.

கியரைக் குறைப்பதில் ஒரு நுட்பம் உண்டு. மூன்றாவது கியரில் இயந்திரம் நிமிஷத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வேகத்தில் இரண்டாவதுக்கு மாறினால் அது சுமார் 2,900 சுற்றாக உயர்ந்தாக வேண்டும். நடுவிலுள்ள 900 சுற்றை யாராவது ஈடுசெய்ய வேண்டும். ஓட்டுபவர் செய்யாவிட்டால் கிளட்ச் தட்டு தன் உடம்பைத் தேய்த்துக்கொண்டு செய்யும். வண்டியும் ஒரு குலுக்குக் குலுக்கும். மழையில் நனைந்த பாதையானால் அந்தக் குலுக்கலிலேயே சக்கரம் வழுக்கவும் கூடும். ஆதலால் முறை இதுதான்: வளைவுக்கு முன்பே, நேரான பாதையில், பிரேக்கினால் வேகத்தைக் குறை, கிளட்சை முழுதும் மிதி, ஒரு கியர் மட்டும் கீழே மாற்று, ஆக்ஸிலேட்டரை ஒரு கணம் இலேசாகத் தட்டு, கிளட்சை மெல்ல விட்டுக் காலை அப்பால் எடுத்துவிடு. இயந்திரத்தின் குரல் உயரும், வண்டி குலுங்காது. நாலாவதிலிருந்து ஒரேயடியாக முதலாவதற்குத் தாவுவது கூடவே கூடாது.

பழைய காலத்து ஓட்டிகளுக்கு இதைவிடக் கடினமான வித்தை தெரிந்திருந்தது. பற்களின் வேகத்தைத் தானே ஒத்திசைக்கும் ஸிங்க்ரோமெஷ் அமைப்பு அமெரிக்காவில் காடிலாக் காரில் வந்தது 1928-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்பு கியர் குறைக்கவேண்டுமானால் பெரும்பாலான வண்டிகளில் கிளட்சை இருமுறை மிதிக்கவேண்டும்; நடுவே நியூட்ரலில் வைத்து இயந்திரத்தைச் சுழலவிட வேண்டும். தப்பினால் பல்சக்கரங்கள் ஊரே கேட்கும்படி நறநறவென்று பல்லைக் கடிக்கும். நம் நாட்டுச் சாலைகளை நெடுங்காலம் ஆண்ட அம்பாஸிடரிலும், பழைய மாதிரிகளில் முதல் கியருக்கு அந்த அமைப்பு கிடையாது. கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்கள் 1920-இல் பஸ் ஒன்று வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார் என்றால், அது வெறும் பிழைப்பு மட்டுமல்ல, ஒரு கலையுமாகும். கொல்லிமலையின் எழுபது வளைவுகளிலும் வால்பாறையின் நாற்பது வளைவுகளிலும் பஸ் ஓட்டுகிறவர்கள் இக்கலையின் வாரிசுகள். இவர்களை நாம் "டிரைவர்தானே" என்று சொல்லிக் கடந்து போவது நன்றியில்லாத காரியம்.

பெட்ரோல் மிச்சம் என்னும் மாயை

இனி என் சிக்கனத்தைப் பற்றிச் சொல்லுகிறேன். நியூட்ரலில் விட்டாலும் இயந்திரம் அணையாமல் இருக்கப் பெட்ரோல் வேண்டும். ஆனால் எரிபொருளைக் கணக்கிட்டுப் பீச்சும் இக்காலத்துக் கார்களில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால், சக்கரமே இயந்திரத்தைச் சுழற்றுவதால் பெட்ரோல் பீச்சுவது அநேகமாக நின்றே போகிறது. ஆக, நான் மிச்சம் பிடிக்கச் சொன்ன வழியில்தான் அதிகம் செலவாயிற்று! சிலர் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சாவியையே அணைத்துவிடுகிறார்கள். அப்போது பிரேக்குக்குத் துணை நிற்கும் வெற்றிட சக்தி இரண்டொரு மிதியில் தீர்ந்துபோகும். சாவியை உருவினால் ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளும். இதைச் சிக்கனம் என்று சொல்ல நா எழவில்லை.

இறங்கும் வண்டியின் சக்தி எங்கே போகிறது? மனிதர்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் சக்தி, நாற்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. கியரில் இறங்கினால் இதில் பெரும் பங்கை இயந்திரம் ஏற்றுக் காற்றிலே கலந்துவிடுகிறது. நியூட்ரலில் இறங்கினாலோ பெரும்பாலும் கையகலப் பிரேக் கட்டைகளே அதைச் சுமக்கவேண்டும். அவை சூடேறினால் பிடிப்புக் குறைகிறது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகை எண்ணெயின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரி வரை இறங்கிவிடக்கூடும். எண்ணெய் கொதித்துக் குழாயில் ஆவி சேர்ந்தால் பெடலை மிதிக்கிற காலின் விசை அந்த ஆவியை அமுக்குவதிலேயே போய்விடுகிறது. "மெத்தென்று உள்ளே போகிறது" என்று பையன் அலறினானே, அதன் பொருள் இதுதான்.

எங்களுக்கு அகன்ற இடம் கிடைத்தது. எல்லாருக்கும் கிடைப்பதில்லை. உதகமண்டலத்திலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள். சரிவோ மிகக் கடுமை. 2018-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து சென்றவர்களின் கார் அங்கே பள்ளத்தில் கவிழ்ந்து பலர் உயிரிழந்த பிறகு, வெளியூர் வண்டிகள் அவ்வழியே இறங்குவதற்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. சமதரைக்காரர்களாகிய நாம், மலைப்பாதையில் நின்றுகொண்டு "முதல் அல்லது இரண்டாவது கியரில் செல்லவும்" என்று சொல்லும் பலகைகளை அழகுக்கு நட்டவை என்று எண்ணிவிடக் கூடாது. ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற சாலை விதியையும் மறக்கலாகாது. கிளட்ச் பெடலே இல்லாத தானியங்கிக் கார் வைத்திருப்பவர்களுக்கும் இந்தப் பாடம் உண்டு. அவர்கள் வண்டியிலும் இறக்கத்துக்கென்று தாழ்ந்த கியர் நிலை பெரும்பாலும் இருக்கும். அதைத் தேடி அறிந்துகொள்வது நல்லது.

அன்று பிரேக் நன்றாக ஆறிப் பெடல் மறுபடி கெட்டிப்படும் வரையில் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். லாரிக்காரர் தாமே பெடலை மிதித்துப் பார்த்துத் திருப்தியடைந்த பின், "மெதுவாக, இரண்டாவதில்" என்று பையனிடம் சொன்னார். எஞ்சிய வளைவுகளில் அவன் பிரேக்கை அங்கங்கே தொட்டதோடு சரி. வண்டி உறுமிக்கொண்டு, தன் பாரத்தைத் தானே தாங்கிக்கொண்டு இறங்கிற்று. அடிவாரம் சேர்ந்ததும் என் தாயார் வாயைத் திறந்தார்: "இப்போதுதான் வண்டி சொன்ன பேச்சைக் கேட்கிறது." சேலத்தில் முதல் வேலையாகப் பட்டறைக்குப் போய் எண்ணெயை மாற்றினோம்.

இப்போதெல்லாம் மாலை வேளைகளில் இரும்பை ஏரிக்கரைச் சரிவில் ஒரு கார் ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பதை ஊரார் பார்க்கலாம். ஓட்டுகிறவன் மருமகன், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் நான். ஏறிய கியரிலேயே இறங்குகிறோம். நான் வாயைத் திறப்பதில்லை.