ஸ்பான்சர் டீம்ல சேரப் போறீங்களா? கையெழுத்துக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க



"மச்சி, டீம்ல எடுத்துட்டாங்கடா! இனிமே எல்லாமே ஸ்பான்சர்தான்!"

என்கூட முன்னாடி வேலை பார்த்த நண்பன் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல போன் பண்ணிச் சொன்னது இது. ரெண்டு வருஷமா விடியக்காலைல எழுந்து ஈ.சி.ஆர்ல சைக்கிள் ஓட்டி, ஆபீஸ் முடிஞ்சதும் நீச்சல் குளத்துக்கு ஓடி, டிரையத்லானுக்காகவே வாழ்ந்தவன். எனக்கும் ரொம்ப சந்தோஷம்.

எட்டு மாசம் கழிச்சு மறுபடியும் கூப்பிட்டான். "ஒரு முப்பதாயிரம் கிடைக்குமாடா? கார்டு பில் கட்டணும்."

எல்லாமே ஸ்பான்சர்னு சொன்னவனுக்கு எப்படிக் கடன் வந்துச்சு? ரெண்டு பேரும் உக்காந்து கணக்குப் போட்டோம். அதைத்தான் இன்னைக்கு உங்களுக்குச் சொல்லப் போறேன். நீங்க டிரையத்லான் பக்கமே போகாதவரா இருந்தாலும் படிங்க. மாரத்தான் கிளப், சைக்கிள் டீம், ஜிம் பிராண்டோட "அம்பாசடர்" வேலைன்னு எல்லாத்துக்கும் இதே கணக்குதான்.

முதல்ல, இந்த விளையாட்டு எப்படி?

நீச்சல், சைக்கிள், ஓட்டம். மூணும் இடைவெளி இல்லாம ஒண்ணு பின்னாடி ஒண்ணு. ஒலிம்பிக் தூரம்னா 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். நம்ம ஊர்ல வேலைக்குப் போறவங்க நிறைய பேர் குறி வைக்கிறது "70.3"ங்கிற அரை அயர்ன்மேன். 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். மொத்தம் 70.3 மைல், அதான் அந்தப் பேரு. கோவாவுல 2019-ல இருந்து இந்தப் போட்டி நடக்குது.

இதுல புரொஃபஷனல் வீரர்கள் தனி. நம்மளை மாதிரி சம்பளக்காரங்க ஓடுறது வயசுப் பிரிவுல, அதாவது "ஏஜ் குரூப்"ல. அதுல ஜெயிச்சா மேடையும் கைதட்டலும் உண்டு. பரிசுப் பணத்தை எதிர்பார்க்க முடியாது. உலக சாம்பியன்ஷிப்புக்கு இடம் கிடைச்சாலும் அதுக்கான நுழைவுக் கட்டணத்தை நீங்கதான் கட்டணும், அதுவும் பெரும்பாலும் அங்கேயே, அப்பவே. 2024-ல அந்தப் போட்டி நியூசிலாந்தோட டாவ்போவுல, 2025-ல ஸ்பெயினோட மார்பெயாவுல நடந்துச்சு. விமான டிக்கெட்டை நீங்களே யோசிச்சுக்கோங்க. ஆக, இந்த விளையாட்டுல நல்லா ஆட ஆட செலவு ஏறும். "ஸ்பான்சர்"ங்கிற வார்த்தை நம்ம காதுல தேனாப் பாயுறது அதனாலதான்.

"ஸ்பான்சர்"னா உண்மையில என்ன தர்றாங்க?

ஏஜ் குரூப் டீம்ல பொதுவா மூணு விதமா வரும்.

1. தள்ளுபடி. ஷூ, ஜெல், சைக்கிள் எல்லாத்துக்கும் ஒரு கூப்பன் கோட். பெரும்பாலும் இதுதான்.
2. இலவசப் பொருள். வீல், ஹெல்மெட், டீம் ஜெர்சி மாதிரி.
3. பணம். ரேஸ் கட்டணத்துல ஒரு பகுதியைத் திருப்பித் தர்றது. சம்பளம் மாதிரி மாசாமாசம் வரும்னு நினைக்காதீங்க.

பதிலுக்கு நீங்க என்ன தரணும்? டீம் ஜெர்சியிலதான் ஓடணும், வருஷத்துக்கு இத்தனை ரேஸ் கட்டாயம், மாசத்துக்கு இத்தனை இன்ஸ்டா போஸ்ட், போட்டி பிராண்டோட பொருளைப் போடக் கூடாது. இதுல எதையும் தப்புன்னு சொல்லல. ஆனா இது ஒரு வியாபார ஒப்பந்தம். அப்படித்தான் படிக்கணும்.

என் நண்பனோட ஒரு வருஷக் கணக்கு

எண்களைக் கொஞ்சம் முழுசாக்கியிருக்கேன்.

டீம்ல சேராம இருந்திருந்தா:
- ஷூ 2 ஜோடி: 20,000
- ஜெல், எலக்ட்ரோலைட்: 15,000
- ரேஸ் சூட்: 8,000
- ஒரு பெரிய ரேஸ், கட்டணம், பயணம், ரூம் எல்லாம் சேர்த்து: 55,000
- மொத்தம்: 98,000 ரூபாய்

டீம்ல சேர்ந்ததுக்கு அப்புறம்:
- டீம் கிட், கட்டாயம் வாங்கணும்: 12,000
- ஷூ, 30 சதவீதம் தள்ளுபடியில: 14,000
- ஜெல், 40 சதவீதம் தள்ளுபடியில: 9,000
- அதே பெரிய ரேஸ்: 55,000
- டீம் சொன்ன இன்னொரு ரேஸ்: 35,000
- திரும்பி வந்த ரேஸ் கட்டணம்: கழிக்க 10,000
- மொத்தம்: 1,15,000 ரூபாய்

ஸ்பான்சர் குடுத்தது 22,000. உண்மைதான். ஆனா அதை வாங்குறதுக்கு அவன் புதுசா செலவழிச்சது 39,000. நிகரமா 17,000 ரூபாய் கையை விட்டுப் போச்சு.

இதுல சைக்கிள் கணக்கு இன்னும் வரல. 3,20,000 ரூபா சைக்கிள், டீம் விலையில 20 சதவீதம் கம்மி, 2,56,000. "64,000 மிச்சம்டா"ன்னு சொன்னான். கையில காசு இல்ல, அதனால 15 சதவீத வட்டிக்கு 24 மாசம் பர்சனல் லோன். மாச இ.எம்.ஐ. சுமார் 12,400. ரெண்டு வருஷத்துல வட்டி மட்டும் ஏறக்குறைய 42,000. தள்ளுபடியில மூணுல ரெண்டு பங்கு பேங்குக்குப் போயிடுச்சு. பழைய சைக்கிள் நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சுங்கிறது தனிக் கதை.

இங்கதான் நீங்க ஒண்ணை மனசுல பதிய வச்சுக்கணும். நீங்க எப்படியும் வாங்கப் போற பொருள்ல மிச்சமாகுறது மட்டும்தான் ஸ்பான்சர். தள்ளுபடிக்காகப் புதுசா வாங்குனா, அங்க ஸ்பான்சர் நீங்கதான்.

இலவச வீல், பணமா வரி

இது நிறைய பேருக்குத் தெரியாத பகுதி. தொழில் தொடர்பா ஒருத்தருக்குத் தர்ற சலுகை, பரிசுப் பொருள் ஒரு நிதியாண்டுல 20,000 ரூபாயைத் தாண்டினா, தர்றவங்க 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்கணும்னு 2022 ஜூலை 1-ல இருந்து விதி இருக்கு. 1961 வருமான வரிச் சட்டத்துல இதுக்குப் பேரு பிரிவு 194ஆர். 2025-ன் புதுச் சட்டத்துல பிரிவு எண் மட்டும் மாறுது. சாதாரண விற்பனைத் தள்ளுபடிக்கு இந்த டி.டி.எஸ். கிடையாது. ஆனா போஸ்ட் போடுறதுக்குப் பதிலாப் பொருளைக் குடுத்து, அதை நீங்களே வச்சுக்கிட்டா பொருந்தலாம். உபயோகிச்சுட்டுத் திருப்பிக் குடுத்துட்டா கணக்குல வராது.

உதாரணமா 60,000 ரூபாய் மதிப்புள்ள வீல் செட் இலவசமா வருதுன்னு வைங்க. அது உங்க வருமானத்துல சேர்ந்தா, 20 சதவீத ஸ்லாபுல செஸ்ஸோட 12,480 ரூபாய் வரி. வீலை வெட்டி வரி கட்ட முடியாது, பணமாத்தான் கட்டணும். டி.டி.எஸ். பிடிச்சிருந்தா அந்த 6,000 இதுல கழியும். ஆனா பொருளாக் குடுக்கும்போது அந்த 6,000-ஐயே உங்ககிட்ட முன்கூட்டிக் கட்டச் சொல்லவும் வாய்ப்பு இருக்கு.

இன்னொரு சிக்கல். இது தொழில் வருமானம்னு ஆச்சுன்னா ஐ.டி.ஆர்-1 போட முடியாது. சம்பளக்காரங்க வருஷா வருஷம் பழைய வரி முறை, புது வரி முறைன்னு மாத்திக்கிற சுதந்திரமும் சுருங்கிடும். பெரிய பொருள் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு ஆடிட்டர்கிட்ட அரை மணி நேரம் பேசிடுங்க.

வேலையும் இன்சூரன்ஸும்

உங்க ஆஃபர் லெட்டரை எடுத்துப் பாருங்க. "வெளி வேலை, வெளி ஒப்பந்தம் கூடாது"ன்னு ஒரு வரி இருக்கலாம். பிராண்டுக்குப் போஸ்ட் போடுறது அதுக்குள்ள வருமான்னு எச்.ஆர்.கிட்ட மெயில்லயே கேட்டுப் பதில் வாங்கி வைங்க. வாய் வார்த்தை போதாது.

அடுத்தது ஹெல்த் பாலிசி. ஆபத்தான, சாகச விளையாட்டுகள்ல "புரொஃபஷனலா" கலந்துக்கிட்டு அடிபட்டா கிளைம் கிடையாதுன்னு பாலிசிகள்ல ஒரு பொதுவான விலக்கு இருக்கு. மலையேற்றம், கார் ரேஸ், ஸ்கூபா டைவிங் எல்லாம் அந்தப் பட்டியல்ல வரும். டிரையத்லான் பேரு அதுல இல்ல. ஆனா அந்தப் பட்டியல் அதோட முடிஞ்சிடலன்னும் அதே வரியில எழுதியிருக்கும். பொழுதுபோக்கா ஓடுறவருக்கும் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டவருக்கும் வித்தியாசம் பார்ப்பாங்களான்னு இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட எழுத்துல கேளுங்க. தனிநபர் விபத்து பாலிசி இருந்தா அதையும் கேளுங்க.

என் நண்பன் சீசன் நடுவுல சைக்கிள்ல இருந்து விழுந்து காலர் போன் உடைஞ்சுது. நல்லவேளை, ஆஸ்பத்திரி செலவை ஆபீஸ் பாலிசி பார்த்துக்குச்சு. ஆனா ரெண்டாவது ரேஸுக்குக் கட்டுன நுழைவுக் கட்டணமும் ரூம் அட்வான்ஸும் போனது போனதுதான். அடிபட்டா என்ன ஆகும்னு டீம் ஒப்பந்தத்துல ஒரு வரி கூட இல்ல. அந்த மாசம்தான் எனக்குப் போன் வந்துச்சு.

கையெழுத்துக்கு முன்னாடி 5 கேள்வி

1. இந்த டீம் இல்லன்னா, இந்த வருஷம் நான் எவ்வளவு செலவழிப்பேன்?
2. சேர்ந்தா கட்டாயச் செலவு எவ்வளவு? கிட், ரேஸ், பயணம் எல்லாம் சேர்த்து.
3. அடிபட்டாலோ, வேலை மாறினாலோ எப்படி வெளிய வர்றது? எதையாவது திருப்பித் தரணுமா?
4. என் போட்டோவை ஒப்பந்தம் முடிஞ்ச பிறகும் பயன்படுத்துவாங்களா?
5. இதுக்காக இ.எம்.ஐ. போட வேண்டியிருக்கா? ஆமான்னா, அந்தப் பொருளை அப்படியே விட்டுடுங்க.

முதல் ரெண்டு பதிலையும் ஒரு தாள்ல பக்கத்துப் பக்கத்துல எழுதுங்க. ரெண்டாவது எண் சின்னதா இருந்தா தாராளமா சேருங்க, சந்தோஷமா ஓடுங்க. பெருசா இருந்தாலும் சேரலாம், தப்பில்ல. ஆனா அந்த வித்தியாசத்தை "என் பொழுதுபோக்குச் செலவு"ன்னு பட்ஜெட்ல எழுதிட்டுச் சேருங்க. எமர்ஜென்சி ஃபண்டுலயும் எஸ்.ஐ.பி.யிலயும் கை வைக்காம அது முடியுதான்னு மட்டும் பாருங்க.

டீமால ஒரு நல்லது உண்டு, அதையும் சொல்லிடறேன். கடல்ல தனியா நீந்தக் கூடாது. விடிகாலை ஹைவேல தனியா சைக்கிள் ஓட்டுறதும் பயம்தான். கூட நாலு பேர் இருக்கிறதுக்கு விலையே போட முடியாது. ஆனா அந்த நாலு பேர் உங்க ஊர் கிளப்புலயே கிடைப்பாங்க. அதுக்கு ஜெர்சியில பிராண்ட் பேரு தேவையில்ல.

என் நண்பன் இப்பவும் ஓடுறான். டீமை விட்டு வந்துட்டான். வருஷத்துக்கு ஒரே ஒரு ரேஸ், அதுக்கு மாசம் 5,000 தனியா ஆர்.டி. போடுறான். போன வாரம் கேட்டேன், "இப்ப யாருடா உன் ஸ்பான்சர்?"

"என் சம்பளம்தான்டா. அது போஸ்ட் போடச் சொல்லி மிரட்டாது"ன்னு சிரிச்சான்.

உங்களுக்கு இப்படி ஏதாவது "ஸ்பான்சர்" ஆஃபர் வந்திருந்தா, ரெண்டு எண்ணையும் கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த வீடியோவுல சேர்ந்து கணக்குப் போடலாம்.